ஸ்லோவைக் கூட்டினால் அணைகிற சிவப்பு விளக்கு

கொளுக்குமலை இருப்பது தேனி மாவட்டத்தில். ஆனால் அங்கே போகிற ஜீப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் ஏறுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,900 அடி உயரம். சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு அதிகாலை நாலு மணி வாக்கிலேயே ஜீப்கள் உறுமத் தொடங்கிவிடும். தேயிலைச் சரிவுக்குள் நுழைந்துவிட்டால் தார் என்பதே கிடையாது. கல், குழி, மழை அரித்த வாய்க்கால், மறுபடியும் கல். பின் சீட்டில் இருப்பவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமியைக் கூப்பிடுவது ஏறும்போது. டிரைவர் மனசுக்குள் கூப்பிடுவது இறங்கும்போது.

இறக்கத்தில் பழகிய டிரைவர் என்ன செய்வார் என்று கவனித்தால் ஒரு விஷயம் புரியும். ஃபோர் வீல் லோவில் போட்டு, முதல் கியரில் விட்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். கிளட்சிலும் கால் இருக்காது. வண்டி தானாக ஊர்ந்து இறங்கும். பக்கத்தில் யாராவது நடந்து போனால் அவர் முந்திவிடுவார். பிரேக்கை அவ்வப்போது லேசாகத் தொடுவதோடு சரி.

அந்த ஊர்கிற வேகத்தை முடிவு செய்வது டிரைவரின் கால் கிடையாது. இன்ஜினின் ‘ஸ்லோ’. ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் விட்டால் இன்ஜின் தானாக ஓடுகிற வேகத்துக்குப் பட்டறைகளில் இதுதான் பெயர். மானுவலில் ‘ஐடில் ஸ்பீடு’ என்று போட்டிருக்கும். பழைய டீசல் ஜீப்பில் இதைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு சின்ன ஸ்க்ரூ, அதைப் பிடித்துவைக்க ஒரு லாக் நட், அவ்வளவுதான். ஒரு ஸ்பேனரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் அஞ்சு நிமிஷ வேலை. அஞ்சு நிமிஷ வேலை என்பதால்தான் எல்லாரும் கை வைக்கிறார்கள். வைக்கக் கூடாதவர்களும் வைக்கிறார்கள்.

போடியைச் சேர்ந்த ஓர் இளைஞர் கதை இது. சொந்தமாக ஜீப் ஓட்ட வேண்டும் என்று கடன் வாங்கி, செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய டீசல் ஜீப் எடுத்தார். நவம்பர் கடைசி. கிறிஸ்துமஸ், புத்தாண்டு சீசன் வந்தால் முதல் இரண்டு தவணையை அடைத்துவிடலாம் என்பது கணக்கு. வண்டி பார்க்க லட்சணமாக இருந்தது. சாவியைத் திருப்பியதும் பிடித்தது. புகை இல்லை. சத்தமும் ‘கும்’மென்று இருந்தது. வாங்கின அன்றைக்கு அந்தக் ‘கும்’மைக் கேட்டு அவர் சந்தோஷப்பட்டார்.

மூணாவது டிரிப்பிலேயே சந்தோஷம் போய்விட்டது. இறக்கத்தில் முதல் கியரில் விட்டாலும் வண்டி தள்ளுகிறது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்க வேண்டியிருக்கிறது. கீழே வந்து சேரும்போது டிரம்மிலிருந்து கருகல் வாடை. போதாததற்கு, நின்றுகொண்டிருக்கும்போது இன்ஜின் ஏறி ஏறி இறங்குகிறது, மூச்சு வாங்குகிற மாதிரி.

போடியில் டீசல் வண்டிகளையே பார்த்துப் பார்த்து முடி நரைத்த மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோய் நிறுத்தினார்.

“அண்ணே, ஸ்லோவைக் கொஞ்சம் குறைச்சு விட்டா சரியாப் போயிரும்ல?”

“குறைச்சா சரியாப் போயிரும் தம்பி. ஆனா இதை எவனோ ஏத்தி வச்சிருக்கான்ல, எதுக்கு ஏத்துனான்? அதை முதல்ல பாப்போம்.”

பெட்ரோல் வண்டி மாதிரி கிடையாது

பைக்கில் ஸ்லோ அட்ஜஸ்ட் செய்து பழகியவர்கள் டீசலுக்கும் அதே கணக்கைப் போட்டுவிடுகிறார்கள். கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் இன்ஜினில் ஸ்லோ ஸ்க்ரூ, காற்றும் பெட்ரோலும் போகிற கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கிறது. அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. லைட்டைப் போட்டாலோ, மெல்லக் கிளட்சை விட்டாலோ வேகம் இறங்கும். இன்னும் பாரம் ஏறினால் ஆஃப் ஆகிவிடும்.

பழைய டீசல் இன்ஜினில் பொதுவாகக் காற்றுக்குக் கதவே கிடையாது. காற்று முழுசாகப் போய்க்கொண்டே இருக்கும். எவ்வளவு டீசலைப் பீய்ச்சுவது என்பதை வைத்துத்தான் வேகம். அந்த அளவைத் தீர்மானிப்பது பம்புக்குள் இருக்கும் கவர்னர். சுழலும்போது வெளியே விரியப் பார்க்கிற சின்ன எடைகள், அவற்றை உள்ளே தள்ளுகிற ஸ்பிரிங். வேகம் குறைந்தால் எடைகள் சுருங்கும், ஸ்பிரிங் ஜெயிக்கும், டீசல் கூடும். வேகம் ஏறினால் எடைகள் விரியும், டீசல் குறையும். ஜேம்ஸ் வாட் 1788-ல் நீராவி இன்ஜினில் மாட்டிய அதே யோசனைதான். இருநூறு வருஷம் தாண்டியும் போடி மெட்டு ஏறுகிற ஜீப்பின் பம்புக்குள் அது சுற்றிக்கொண்டிருக்கிறது.

அதனால்தான் நல்ல டீசல் ஜீப் ஆக்ஸிலேட்டரே தொடாமல் கல்லின் மேல் ஏறி இறங்கும். பாரம் ஏறினால் கவர்னரே டீசலைக் கூட்டிக்கொடுத்து, தனக்குச் சொல்லப்பட்ட வேகத்தைக் காப்பாற்றப் பார்க்கும். சொல்லப்பட்ட வேகம் எது? அந்த ஸ்லோ ஸ்க்ரூ சொன்ன வேகம்.

இதில் ஒரு கணக்கு உண்டு. ஃபோர் லோவில் முதல் கியர் போட்டால், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்சில் எல்லாம் சேர்ந்து இன்ஜின் 40 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய ஜீப்புகளில் இது ஏறத்தாழ இந்த அளவில்தான் வரும். டயரின் ஒரு சுற்று 2.3 மீட்டர். ஸ்லோ நிமிஷத்துக்கு 800 சுற்று என்றால் சக்கரம் 20 சுற்று. நிமிஷத்துக்கு 46 மீட்டர். அதாவது மணிக்கு ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர். அதையே 1,000 சுற்றுக்கு ஏற்றிவிட்டால் கிட்டத்தட்ட 3.5 கிலோமீட்டர். ‘அரை கிலோமீட்டர்தானே கூடுது’ என்று தோன்றும். ஈரக் கல்லில், ஒரு பக்கம் பள்ளம் வைத்த திருப்பத்தில், கால்வாசி வேகம் கூடுவது சின்ன விஷயமில்லை.

அதைவிட முக்கியம் இன்னொன்று. இறக்கத்தில் வண்டி 1,000 சுற்றுக்குரிய வேகத்தை எட்டும் வரை கவர்னர் டீசலை நிறுத்தாது. தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த வேகத்தைத் தாண்டினால்தான் டீசலை வெட்டும். அப்புறம்தான் இன்ஜின் பிடித்து நிறுத்துகிற வேலையைச் செய்யும். டிரைவர் அதற்கும் மெதுவாக இறங்க நினைத்தால், பிரேக் சரிவோடு மட்டும் மல்லுக்கட்டவில்லை. தன் வண்டியின் இன்ஜினோடும் மல்லுக்கட்டுகிறது. டிரம்மில் கருகல் வாடை வருவது அதனால்.

சரி, நல்லா இறக்கி வைத்துவிட்டால்? அதுவும் ஆபத்து. கல் படியில் இறங்கும்போது பிரேக்கைத் தொட்டதும் இன்ஜின் திணறி நின்றுவிடும். டீசல் இன்ஜினில் காற்றுக் கதவு இல்லாததால் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடமும் தானாகக் கிடைப்பதில்லை. அதற்குத் தனியாக ஒரு வாக்குவம் பம்ப், பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கும். இன்ஜின் நின்றால் அதுவும் நிற்கும். சேமிப்பில் இருப்பதை வைத்து ஓரிரு முறை மிதிக்கலாம். அதன் பிறகு பெடல் கல்லாகிவிடும்.

செல்போனில் சுற்று எண்ணுவது

பழைய ஜீப்பின் டேஷ்போர்டில் ஸ்பீடோ மீட்டர் வேலை செய்தாலே பெரிய விஷயம். டாக்கோ மீட்டருக்கு எங்கே போவது? காதால் கேட்டே வைக்கிற மெக்கானிக்குகள் உண்டு. போடிக்காரர் அந்த ரகம்தான். ஆனால் வீட்டில் பேரன் சொல்லிக்கொடுத்தது என்று செல்போனில் ஒரு வழி வைத்திருந்தார்.

கிராங்க் புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு. இன்ஜினை ஓடவிட்டு, பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் தள்ளி நின்று, போனின் ஸ்லோ மோஷனில் சில விநாடி வீடியோ. துண்டு, தொங்குகிற சட்டை நுனி எதுவும் பக்கத்தில் போகக் கூடாது. விநாடிக்கு 240 படம் எடுக்கிற போன் என்றால், அதை 30 படமாக ஓட்டும்போது எல்லாம் எட்டு மடங்கு மெதுவாகத் தெரியும். அந்த வீடியோவில் கோடு 10 சுற்று சுற்ற எத்தனை விநாடி ஆகிறது என்று இன்னொரு போனில் ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்க்க வேண்டியது. 4,800-ஐ அந்த விநாடியால் வகுத்தால் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று வந்துவிடும். 6 விநாடி என்றால் 800. 4.8 விநாடி என்றால் 1,000. விநாடிக்கு 120 படம் எடுக்கிற போனில், ஓட்டுவது அதே 30 படம்தான் என்றால், 4,800-க்குப் பதில் 2,400.

இளைஞரின் ஜீப்பில் 4.8 வந்தது. ஆயிரம்! அந்த இன்ஜினுக்கு மானுவல் சொல்கிற ஸ்லோ 800-ஐ ஒட்டித்தான். ஒவ்வொரு இன்ஜினுக்கும் இது மாறும். பக்கத்து வீட்டு ஜீப்பின் கணக்கு இந்த ஜீப்புக்கு உதவாது.

“பாத்தியா? இருநூறு ஏத்தி வச்சிருக்கான். இதைத்தான் நீ ‘கும்’முனு இருக்குன்னு ரசிச்சிருக்க.”

ஸ்க்ரூவுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

மெக்கானிக் முதலில் கை வைத்தது ஆக்ஸிலேட்டர் கேபிளில். கேபிள் இறுக்கமாக இருந்தால் பம்பின் லீவர் ஸ்லோ ஸ்க்ரூவில் வந்து உட்காராது; கேபிளில் தொங்கிக்கொண்டிருக்கும். அப்போது ஸ்க்ரூவை எத்தனை சுற்று கழற்றினாலும் வேகம் இறங்காது. ‘ஸ்க்ரூ வேலை செய்யலை’ என்று பம்பையே கழற்றிப் போட்ட ஆட்கள் உண்டு. கேபிளில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தொய்வு வேண்டும். பழைய ஜீப்பில் டேஷ்போர்டில் இழுத்துவிடுகிற ஹேண்ட் த்ராட்டில் இருந்தால் அது முழுசாக உள்ளே போயிருக்க வேண்டும். இந்த வண்டியில் இரண்டும் சரி. லீவர் ஸ்க்ரூவில் நன்றாகவே உட்கார்ந்திருந்தது. ஆக, தெரிந்தே ஏற்றியிருக்கிறார்கள்.

அடுத்து அந்த ஏறி இறங்குகிற மூச்சு வாங்கல். டீசலோடு காற்று கலந்து பம்புக்குப் போனால் இது வரும். டேங்கிலிருந்து வருகிற குழாயில் ஒரு சின்ன வெடிப்பு, ஃபில்டர் கிண்ணத்தின் பழைய வாஷர், தளர்ந்துபோன கிளிப், எது வேண்டுமானாலும் காரணமாகலாம். வெளியே டீசல் ஒழுகாது. உள்ளே காற்றை உறிஞ்சும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. தெரிய வைக்க ஒரு எளிய வழி: பம்புக்குப் போகிற குழாயில், அழுத்தம் அதிகமில்லாத அந்தப் பக்கத்தில், டீசலுக்குத் தாங்குகிற கண்ணாடிக் குழாய்த் துண்டு ஒன்றைத் தற்காலிகமாக மாட்டுவது. மாட்டினார். சோடா பாட்டில் மாதிரி குமிழ் ஓடியது.

ஃபில்டரும் வாஷரும் மாற்றி, வெடித்த ரப்பர் ஹோஸ் ஒன்றை வெட்டி எறிந்து, ஏர் எடுத்தார். ஃபில்டர் மேலிருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பிரைமரைக் குத்திக்கொண்டே இருந்தால் நுரை நுரையாக வந்து, பிறகு சுத்தமான டீசல் வரும். அப்போது இறுக்க வேண்டியது. குமிழ் நின்றது. மூச்சு வாங்கலும் நின்றது. வேகம் மட்டும் அதே ஆயிரத்தில்.

நாசிலையும் சும்மா விடவில்லை. நாலு சிலிண்டரில் ஒன்று சரியாக வேலை செய்யாவிட்டாலும் இன்ஜின் குலுங்கும். குலுக்கலை மறைக்க ஸ்லோவை ஏற்றுவது ஊரெங்கும் நடக்கிற வேலை. ஒவ்வொரு நாசில் பைப்பின் நட்டையும் ஸ்பேனரால் லேசாகத் தளர்த்திப் பார்த்தார். தளர்த்தியதும் இன்ஜின் சத்தம் மாறினால் அந்தச் சிலிண்டர் உழைக்கிறது என்று அர்த்தம். மாறாவிட்டால் அது ஏற்கெனவே சும்மா இருக்கிறது. நாலும் உழைத்தன. இதை வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். நாசிலுக்குப் போகிற டீசலின் அழுத்தம் 100 பாருக்கு மேல். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான். ஊசி மாதிரி பீய்ச்சுகிற அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பொட்டு மாதிரிதான் காயம் தெரியும். வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரிடலாம்.

இன்ஜின் மவுண்டிங் ரப்பரையும் பார்த்தார். நசுங்கிப்போன ரப்பர் இருந்தால் வண்டியே ஆடும், அதற்கும் ஸ்லோவைத்தான் ஏற்றுவார்கள். ரப்பர் புதுசு.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அப்புறம் எதுக்குடா ஏத்துனான்?” என்று அவர் தனக்குள் கேட்டுக்கொண்டது இளைஞரின் காதில் விழுந்தது.

கால் சுற்று

ஸ்லோ வைப்பதற்கு இன்ஜின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் ஆயில் கெட்டியாக இருக்கும், அதனால் மெதுவாக ஓடும். அப்போது 800 வைத்தால் சூடானதும் தானாக ஏறி நிற்கும். சமவெளியில் ‘இன்ஜின் சூடாகுது’ என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுகிற பழக்கம் வேறு இருக்கிறது. அந்த வண்டிகள் மலைக் குளிரில் சீக்கிரம் சூடே ஆகாது. ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டால் சுட வேண்டும். லைட், ஹீட்டர் எல்லாம் ஆஃப். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை.

போடியின் வெக்கையில் வைத்தால் கொளுக்குமலைக் குளிருக்குச் சரிப்படுமா என்று இளைஞருக்குச் சந்தேகம். 7,900 அடியில் காற்று மெலிந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஸ்லோவில் ஓடும்போது டீசல் இன்ஜினுக்குத் தேவைக்கு மேல் காற்று இருக்கிறது. அதனால் உயரம் ஸ்லோவைப் பெரிதாகப் பாதிக்காது. ஏற்றத்தில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது வருகிற கறுப்புப் புகையில்தான் உயரம் தெரியும். விடியற்காலைக் குளிருக்கு ஸ்க்ரூவைத் தொடக் கூடாது. ஹேண்ட் த்ராட்டிலைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, சூடானதும் மறக்காமல் உள்ளே தள்ள வேண்டும்.

எந்த ஸ்க்ரூ என்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். பம்பில் ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்க்ரூ இருக்கும். லீவர் ஓய்வாக வந்து உட்காரும் பக்கத்தில் இருப்பது ஸ்லோ. லீவரை முழுசாக இழுத்தால் போய் இடிக்கிற பக்கத்தில் இருப்பது உச்ச வேகத்துக்கு. டீசல் அளவுக்கு இன்னொன்று தனியாக இருக்கும். பின்னது இரண்டுக்கும் கம்பி போட்டு ஈய முத்திரை வைத்திருப்பார்கள், அல்லது மூடி போட்டிருப்பார்கள். முத்திரை இருந்தால் கை வைக்கக் கூடாது என்று அர்த்தம். பம்ப் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி வைக்கிற அளவு அது. ‘பிக்கப் வரும்’ என்று அதைத் திருகிவிட்டு, கறுப்புப் புகையோடும் கொதிக்கிற இன்ஜினோடும் வருகிற வண்டிகளை எல்லா டீசல் பட்டறையும் பார்த்திருக்கும். இந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் பம்பை இன்னும் ‘மைக்கோ பம்ப்’ என்றே சொல்கிறார்கள். 1951-ல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ கம்பெனி 2008-லேயே பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறிவிட்டது. ஆனால் பழைய ஜீப் மாதிரியே பழைய பெயரும் ஓடுகிறது. கம்ப்யூட்டர் வைத்த இன்றைய டீசல் வண்டிகளில் இந்த ஸ்க்ரூவே கிடையாது. ஸ்லோவை அதுவே பார்த்துக்கொள்கிறது.

லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே திருப்பினார். லீவரை ஒருமுறை இழுத்து விட்டார். வேகம் ஏறி, இறங்கி, நிலைக்கும் வரை காத்திருந்தார். மறுபடி கால் சுற்று. ஒரே மூச்சில் திருப்புவது கூடாது. கவர்னர் நிதானத்துக்கு வரச் சில விநாடி வேண்டும். வீடியோ எடுத்துப் பார்த்தார்கள். 5.5 விநாடி. இன்னும் கொஞ்சம். 6 விநாடி.

டேஷ்போர்டில் ஆயில் விளக்கு மினுக்கியது.

சிவப்பாக, சின்னதாக, ஒரு மினுக்கல். பிறகு அணைந்தது. பிறகு மறுபடி. மெக்கானிக் லீவரை லேசாகத் தொட்டு வேகத்தைக் கூட்டினார். விளக்கு அணைந்தது. விட்டார். மினுக்கியது.

“இதுக்குத்தான் தம்பி ஏத்திருக்கான்” என்றார்.

இளைஞருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. இன்ஜின் வேகமாகச் சுற்றினால் ஆயில் பம்பும் வேகமாகச் சுற்றும், அழுத்தம் ஏறும், விளக்கு அணையும். உள்ளே தேய்ந்திருப்பது தேய்ந்தபடியேதான் இருக்கும். வாங்க வருகிறவன் கண்ணில் விளக்கு படாது, காதில் ‘கும்’மென்ற சத்தம் விழும். இருநூறு சுற்றுக்கு அவ்வளவு வேலை.

“அண்ணே, திரும்ப ஏத்தி விட்ருங்கண்ணே. சீசன் முடியட்டும். ஜனவரில வந்து என்ன செலவானாலும் செஞ்சுக்கிறேன்.”

இது நியாயமான கெஞ்சல்தான். தவணை தேதி யாருக்காகவும் நிற்காது. சீசனில் ஒரு நாள் வண்டி நின்றால் அந்த நாளின் கூலி திரும்ப வராது. ஆயில் விளக்கு பொதுவாக அழுத்தம் மிகவும் தாழ்ந்த பிறகுதான் எரியும்; ஆனாலும் மினுக்குகிற விளக்கோடு மாதக்கணக்கில் ஓடுகிற வண்டிகள் ஊரில் இல்லாமல் இல்லை.

மெக்கானிக் உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. “முதல்ல நிஜமான்னு பாப்போம். ஸ்விட்ச்சு போனாலும் இப்படி மினுக்கும்” என்றார். டிப் ஸ்டிக்கை இழுத்து ஆயில் மட்டத்தைப் பார்த்தார். முகர்ந்தார். ஆயிலில் டீசல் கலந்து நீர்த்திருந்தாலும் அழுத்தம் இறங்கும். ஆனால் டீசல் வாடை இல்லை. பிறகு ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் முள் வைத்த கேஜ் ஒன்றைத் திருகினார். சூடான இன்ஜின், 800 சுற்று. முள் அரை பார் பக்கத்தில் நடுங்கியது. மானுவல் கேட்பதற்குப் பாதி.

ஸ்விட்ச் பொய் சொல்லவில்லை.

“நீ பத்துப் பேரை ஏத்திக்கிட்டு அந்தச் சரிவுல இறங்குற. பேரிங் பிடிச்சு இன்ஜின் இறுகிருச்சுன்னா பின் சக்கரமும் சேந்து இறுகும். கிளட்சை மிதிக்கிறதுக்குள்ள வண்டி எங்க நிக்கும்? நான் ஏத்தி விடமாட்டேன்பா. வேற யார்ட்டயாவது விட்டுக்க.”

இளைஞர் பட்டறை வாசலில் உட்கார்ந்து ரெண்டு டீ குடித்தார். யாருக்கோ போன் போட்டார், மைத்துனராக இருக்கலாம். வேறு யாரிடமும் போகவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினார்.

சம்ப்பை இறக்கிப் பார்த்ததில், பேரிங் செல்கள் மேல் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிய ஆரம்பித்திருந்தன. கிராங்க்கில் கீறல் இல்லை. மைக்ரோ மீட்டரில் அளந்து பார்த்து, கடைசல் போட வேண்டியதில்லை, அதே அளவில் புது செல் போட்டால் போதும் என்று முடிவானது. இன்னும் ஒரு சீசன் ஓடியிருந்தால் கிராங்க்கும் சேர்ந்து போயிருக்கும். செலவு பல மடங்காகியிருக்கும். மெயின் பேரிங், கனெக்டிங் ராடு பேரிங், ஆயில் பம்ப் கியர் எல்லாம் பார்த்து, புது ஆயில், புது ஃபில்டர். மதுரையிலிருந்து செல் வந்து சேர நாலு நாள். மொத்தம் பத்து நாள் வண்டி பட்டறையில். அந்தப் பத்து நாளில் கிறிஸ்துமஸ் வந்து போய்விட்டது. புத்தாண்டுக்கு முந்தைய நாள் மதியம் ஜீப் வெளியே வந்தது.

ஸ்லோவை மறுபடி வைத்தார்கள். 6 விநாடி, 800 சுற்று. கேஜில் முள் ஒரு பாருக்கு மேலே அசையாமல் நின்றது. லைட்டைப் போட்டுப் பார்த்தார். கிளட்சை மிதித்து விட்டுப் பார்த்தார். வேகம் லேசாகத் தாழ்ந்து உடனே மீண்டது. நியூட்ரலிலிருந்து முதல் கியருக்குப் போகும்போது முன்பிருந்த ‘கறுக்’ சத்தமும் இல்லை. ஸ்லோ கூடுதலாக இருந்தால் கியர் விழும்போது இப்படிப் பல் கடிக்கும்.

கடைசியில் லாக் நட். இங்கேதான் அவசரக்காரர்கள் கோட்டை விடுவார்கள். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பிவிடும். வைத்த அளவு போய்விடும். ஸ்க்ரூ டிரைவரால் ஸ்க்ரூவை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகு இன்னொரு வீடியோ. 6.1 விநாடி வந்தது. போதும் என்றார். ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுத்தார்.

“இந்தக் கோடு விலகியிருந்தா யாரோ கை வச்சிருக்கான்னு அர்த்தம். விலகாமலே ஸ்லோ மாறியிருந்தா வேற எங்கயோ கோளாறு. ரெண்டுல எதுனாலும் முதல்ல என்கிட்ட வா.”

“சரிண்ணே.”

அன்று சாயங்காலமே போடி மெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, சூரியநெல்லி போய்ச் சேர்ந்து, விடியற்காலை ஸ்டாண்டில் ஐந்தாவது வண்டியாக நின்றார். குளிரில் இன்ஜின் முதல் சில நிமிஷம் தடதடவென்றுதான் ஓடியது. ஹேண்ட் த்ராட்டிலை இழுத்துவிட்டு, ஹோஸ் சுடும் வரை பொறுத்து, உள்ளே தள்ளினார். இறங்கும்போது வண்டி ஊர்ந்தது. பின் சீட்டில் இருந்த ஒரு பாட்டி, “என்னப்பா, இவ்வளவு மெதுவா போற, வண்டி ரிப்பேரா?” என்று கேட்டார்.

“இல்ல பாட்டி, இப்பத்தான் ரிப்பேர் முடிஞ்சிருக்கு” என்றார் அவர்.